“பாத்தியா” என்று சொல்ல ஓர் ஆள்

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதம் போன வாரமே கைக்கு வந்துவிட்டது. இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை ஒரே மூச்சில். பேரன் நடக்க ஆரம்பித்துவிட்டான், சுவரைப் பிடித்துக்கொண்டு அறையைச் சுற்றி வருகிறான் என்று நீ எழுதியிருந்த இடத்தில் வாய்விட்டுச் சிரித்தேன். இரண்டாம் தடவை நிதானமாகப் படித்தபோதுதான் அதற்குக் கீழே நீ எழுதி அடித்துவிட்ட வரி கண்ணில் பட்டது. ‘உன்னிடம் இதையெல்லாம் சொல்லலாமா தெரியவில்லை’ என்று எழுதி, அதன்மேல் இரண்டு கோடு இழுத்திருக்கிறாய்.

தாராளமாகச் சொல்லு. இன்று நான் எழுத உட்கார்ந்ததே அந்த வரிக்குப் பதில் சொல்லத்தான். பதில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்.

அவள் போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது. முதல் இரண்டு மூன்று மாதத்தைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. ஆட்கள் வந்தார்கள், போனார்கள். நீயும் அண்ணியும் வந்து பத்து நாள் இருந்தீர்கள். நீட்டிய காகிதத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டேன். எதுவும் உள்ளே இறங்கவில்லை. வீடு காலியான பிறகுதான் எனக்கு விஷயமே புரிய ஆரம்பித்தது. அதுவும் ஒரு போர்வையால்.

துவைத்துக் காய்ந்த பெரிய போர்வையை நாங்கள் இருவரும் சேர்ந்துதான் மடிப்போம். அந்தப் பக்கம் இரண்டு முனை அவளுக்கு, இந்தப் பக்கம் இரண்டு முனை எனக்கு. மடிக்கும் முன் அவள் ஓர் உதறு உதறுவாள். அந்த அலை போர்வையின் நீளத்துக்கும் ஓடி வந்து என் கையில் இடிக்கும். வேண்டுமென்றே பலமாக உதறுவாள், என் பிடி நழுவுகிறதா என்று பார்க்க. பிறகு நீளவாக்கில் ஒரு மடிப்பு, இன்னொரு மடிப்பு. அப்புறம் இருவரும் நடந்து கிட்டே வருவோம். என் விரலில் இருக்கும் முனைகளை அவள் வாங்கிக்கொள்வாள். நான் குனிந்து, கீழே தொங்கும் மடிப்பைத் தூக்கிக் கொடுப்பேன். நாற்பத்தோரு வருஷம். யார் எந்த முனை, யார் முதலில் நடப்பது என்று ஒரு நாளும் பேசிக்கொண்டதில்லை.

அவள் போன பிறகு முதல் தடவை கொடியிலிருந்து போர்வையை எடுத்து வந்து, இரண்டு முனையைப் பிடித்துக் கையை விரித்தேன். மறுபக்கம் தரையில் கிடந்தது. எவ்வளவு நேரம் அப்படி நின்றேன் என்று தெரியாது. அப்புறம் சுருட்டி அலமாரிக்குள் திணித்துவிட்டேன். ஐந்து மாதம் அப்படித்தான் திணித்துக்கொண்டிருந்தேன். அலமாரிக் கதவு சாத்த மறுத்தது.

ஒரு நாள் மத்தியானம் என்ன தோன்றியதோ, போர்வையைக் கட்டிலின்மேல் முழுசாக விரித்து, அதிலேயே வைத்து மடித்துப் பார்த்தேன். மறுமுனையைக் கட்டில் தாங்கிக்கொண்டது. இந்த ஓரத்தில் நின்று ஒரு மடிப்பு, சுற்றிப் போய் அந்த ஓரத்தில் ஒரு மடிப்பு, உள்ளங்கையால் நீவிவிட்டு இன்னொன்று. முனையோடு முனை பிசகாமல் வந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதில் என்ன இருக்கிறது என்று நீ நினைக்கலாம், ஆனால் அத்தனை மாதத்தில் எனக்கு வந்த முதல் அசல் சந்தோஷம் அது. நிமிர்ந்து, சத்தமாகவே “பாத்தியா!” என்றேன்.

அறையில் யாரும் இல்லை.

அந்த ‘பாத்தியா’வைத்தான் அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். நான் இழந்தது என்ன என்று யாராவது கேட்டால் பெரிய பெரிய வார்த்தைகளில் பதில் சொல்லியிருப்பேன். துணை, ஆதரவு, குடும்பத்தின் அச்சாணி. எல்லாம் உண்மைதான். ஆனால் ஒவ்வொரு நாளும், ஒரு நாளைக்கு இருபது தடவை, நான் இழப்பது ‘பாத்தியா’ என்று சொல்ல ஓர் ஆளை. ஜன்னலில் அணில் வந்து கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. குழாய் சொட்டுவது தானாகவே நின்றுவிட்டது. என்னோடு வேலை பார்த்தவரின் பெண்ணைத் தெருவில் பார்த்தேன், அப்படியே அவள் அப்பா நடை. இதையெல்லாம் யாருக்குப் போன் போட்டுச் சொல்வது? பையன் தினமும் ராத்திரி கூப்பிடுகிறான். “சாப்பிட்டீங்களாப்பா, மாத்திரை போட்டீங்களா, தூக்கம் வருதா?” அந்த மூன்று கேள்விக்குள் அவனுடைய பாசம் அத்தனையும் இருக்கிறது, எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பேச்சில் அணிலுக்கு இடமில்லை. அவன் வேலை முடிந்து அலுத்து வந்து கூப்பிடுகிறான். அவனிடம் அணிலைச் சொன்னால் அப்பாவுக்கு என்னமோ ஆகிவிட்டது என்று பயப்படுவான்.

அப்படிச் சொல்லாமல் மிஞ்சிப்போகிற செய்திகள் சாயங்காலம் ஆனதும் நெஞ்சில் கல் மாதிரி உட்காரும். துக்கம் என்றுதான் நானும் நினைத்தேன். துக்கம்தான். ஆனால் அந்தக் கல்லில் பாதி, சொல்ல ஆளில்லாமல் தேங்கிப்போன சின்னச் சின்ன சந்தோஷங்கள். இது எனக்குப் பிடிபட ஏழெட்டு மாதம் ஆயிற்று.

உனக்குத் தெரியும், முப்பத்தோரு வருஷம் நூலகத்தில் இருந்தவன் நான். எது வந்தாலும் கை முதலில் புத்தகத்தைத்தான் தேடும். பார்க்க வந்த உறவுக்காரர் ஒருவர், “நீங்க ஏத்துக்கிற கட்டத்துக்கு வந்துட்டீங்க, இதுதான் அஞ்சாவது, கடைசி” என்று என் முதுகில் தட்டிவிட்டுப் போனார். அன்று ராத்திரி நான் அழுத அழுகை எந்தக் கட்டம் என்று அவரிடம் கேட்கத் தோன்றியது. தேடிப் படித்தேன். மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு என்கிற அந்த ஐந்து கட்டங்களை எலிசபெத் கூப்ளர்-ராஸ் என்ற மனநல மருத்துவர் 1969-ல் எழுதியது, தங்கள் சாவையே எதிரில் பார்த்துக்கொண்டிருந்த நோயாளிகளிடம் பேசிவிட்டு. பின்னால் தங்கிவிட்டவர்களுக்கு அதை ஒட்டவைத்தது அப்புறம் நடந்தது. படிக்கட்டு மாதிரி ஒவ்வொன்றாக ஏறி மேலே போய்விடலாம் என்று யாராவது சொன்னால் இனி நம்பமாட்டேன்.

எனக்கு ஒத்துவந்தது வேறொன்று. நெதர்லாந்தில் மார்கரெட் ஸ்ட்ரோப், ஹெங்க் ஷூட் என்று இரண்டு ஆய்வாளர்கள் 1999-ல் எழுதியது. துணையை இழந்தவர் இரண்டு பக்கமும் மாறி மாறிப் போய்வருகிறார் என்கிறார்கள். ஒரு பக்கம் போனவரை நினைத்து உருகுவது. இன்னொரு பக்கம் பில் கட்டுவது, புதிசாக ஒரு வேலை கற்றுக்கொள்வது, வீட்டை நடத்துவது. காலையில் இங்கே, மத்தியானம் அங்கே, ராத்திரி மறுபடியும் இங்கே. அந்தப் போய்வருதல்தான் ஆரோக்கியம் என்கிறார்கள். நடுவில் துக்கத்திலிருந்து கொஞ்ச நேரம் விடுப்பு எடுத்துக்கொள்வதும் அதில் சேர்த்தி. இதைப் படித்த அன்று எனக்கு அப்பாடா என்று இருந்தது. ஏனென்றால் போர்வை மடித்த அன்றைக்கு, ‘பாத்தியா’ என்ற கையோடு எனக்கு வந்தது குற்ற உணர்ச்சி. அவள் இல்லாத வீட்டில் எனக்கு என்ன சந்தோஷம், அதுவும் அவள் இல்லாமலேயே மடித்துவிட்டேன் என்று. நன்றி கெட்டவன் மாதிரி உணர்ந்தேன். இப்போது அப்படித் தோன்றுவதில்லை. தோன்றினாலும் அதிக நேரம் நிற்பதில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இதை நான் பையனிடம்கூடச் சொன்னதில்லை. முதல் ஆறேழு மாதம் பக்கத்து அறையில் அவள் தொண்டையைச் செருமுகிற சத்தம் கேட்கும். உனக்கு ஞாபகம் இருக்குமே, ஏதாவது சொல்ல ஆரம்பிக்கும் முன் லேசாக ஒரு செருமல். அது அப்படியே கேட்கும். எழுந்து போய்ப் பார்க்கமாட்டேன், பார்த்தால் நின்றுவிடும் என்று தெரியும். புத்தி பிசகுகிறதோ என்ற பயம் இருந்தது. 1971-ல் டெவி ரீஸ் என்ற வேல்ஸ் நாட்டு மருத்துவர், துணையை இழந்த 293 பேரிடம் பேசியிருக்கிறார். கிட்டத்தட்டப் பாதிப்பேர், போனவர் பக்கத்தில் இருப்பதாக உணர்ந்தோம், பார்த்தோம், குரல் கேட்டோம் என்று சொல்லியிருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் அதுவரை அதை யாரிடமும் சொன்னதில்லை. அந்த 293 பேரையும் எனக்கு அடையாளம் தெரிந்த மாதிரி இருந்தது. இப்போது அந்தச் செருமல் கேட்பது குறைந்துவிட்டது. மாதத்துக்கு ஒரு தடவை கேட்டால் அதிகம். பயமாக இருந்த காலத்தைவிட இப்போதுதான் அது அதிகமாக வேண்டியிருக்கிறது.

உடம்பைப் பற்றிக் கேட்டிருந்தாய். அன்றைக்கு நீ திட்டியதால்தான் டாக்டரிடம் போனேன், அதற்கு உனக்கு நன்றி சொல்லவே இல்லை. நீ திட்டியதில் நியாயம் இருந்தது. 1969-ல் இங்கிலாந்தில் காலின் மர்ரே பார்க்ஸ் என்ற மனநல மருத்துவரும் சகாக்களும் 55 வயதும் அதற்கு மேலும் ஆன, மனைவியை இழந்த 4,486 ஆண்களை ஒன்பது வருஷம் கவனித்து எழுதியிருக்கிறார்கள். முதல் ஆறு மாதத்தில் அவர்களில் இறந்தவர்கள், அதே வயதில் மனைவியோடு இருப்பவர்களைவிட 40 சதவீதம் அதிகம். அதற்குப் பிறகு மெல்லக் குறைந்து மற்றவர்கள் அளவுக்கு வந்துவிடுகிறது. நான் அந்த ஆறு மாதத்தைத் தாண்டிவிட்டேன். ரத்த அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறது. காலையில் நாற்பது நிமிஷம் நடக்கிறேன். போதும், இதற்கு மேல் உடம்பைப் பற்றி எழுத வேண்டாம்.

உன் அக்காவைப் பற்றி எழுதியிருந்ததுதான் என்னை அதிகம் கஷ்டப்படுத்தியது. அத்தான் போய் இரண்டு வருஷம் ஆகியும் அக்கா அறையை விட்டு வருவதில்லை, குளிப்பதற்கே தினமும் கெஞ்ச வேண்டியிருக்கிறது என்கிறாய். நான் மேலே சொன்ன போய்வருதல் அக்காவுக்கு நடக்கவில்லை என்று தோன்றுகிறது, ஒரே பக்கத்தில் மாட்டிக்கொண்டுவிட்டார். அதைப் பலவீனம் என்றோ பிடிவாதம் என்றோ வீட்டில் யாரும் சொல்லிவிடக் கூடாது. நீண்டு போகும் துக்கத்தை மருத்துவத்திலேயே ஒரு நிலையாக ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். 2022-ல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் அது இருக்கிறது. ஆறு மாதம் தாண்டியும் ஏக்கம் தணியாமல், அன்றாடம் நடத்த முடியாத அளவுக்கு இருந்தால் உதவி தேட வேண்டும் என்று அர்த்தம். அதற்கென்று பேச்சு சிகிச்சை இருக்கிறது. தயங்காமல் ஒரு மனநல மருத்துவரிடம் கூட்டிப் போ. அதுவரை அக்காவுக்குப் புத்தி சொல்லாதே. பக்கத்தில் உட்கார்ந்து, அத்தானைப் பற்றி ஏதாவது கேள். அவருக்கு என்ன கோபம் வரும், எதற்குச் சிரிப்பார், அந்த மாதிரி. பதில் வராவிட்டாலும் மறுநாளும் கேள்.

ஏனென்றால் என்னிடம் யாரும் கேட்பதில்லை. நீகூட. நீ அவளைத் ‘தங்கச்சி, தங்கச்சி’ என்றுதான் கூப்பிடுவாய். கடந்த நான்கு கடிதத்தில் அந்த வார்த்தை ஒரு இடத்தில்கூட இல்லை. என்னை நோகடிக்கக் கூடாது என்று தவிர்க்கிறாய், புரிகிறது. ஆனால் அந்த வார்த்தை இல்லாத உன் கடிதம் எனக்கு வெறிச்சென்று இருக்கிறது. அடுத்த தடவை எழுது. தங்கச்சி இருந்திருந்தால் இதற்கு என்ன சொல்லியிருக்கும் என்று எழுது. அழுதால் அழுதுவிட்டுப் போகிறேன்.

நாள் எப்படிப் போகிறது என்று கேட்டாயே. தினசரி நாள்காட்டி ஒன்று மாட்டியிருக்கிறேன். ராத்திரி அன்றைய தாளைக் கிழித்து, பின்பக்கம் அவளிடம் சொல்லியிருக்கக்கூடிய ஒரு செய்தியை எழுதி வைக்கிறேன். ஒன்றே ஒன்று. நூறு தாளுக்கு மேல் சேர்ந்துவிட்டது, ஒரு ரப்பர் பேண்டில் கட்டி வைத்திருக்கிறேன். இப்போது மேலாக இருப்பதில் சிலதை உனக்கு எடுத்து எழுதுகிறேன்.

மழை விட்டபின் மின்கம்பியில் வரிசையாக ஒன்பது சொட்டு. பத்தாவது சேர்வதற்குள் காற்று அடித்துவிட்டது.

சோபா இடுக்கில் அந்தப் பேனாவின் மூடி கிடைத்தது. மூன்று வருஷமாகத் தேடியது. பேனாதான் இப்போது எங்கே என்று தெரியவில்லை.

எதிர்வீட்டுப் பையன் இரண்டு கையையும் விட்டுவிட்டு சைக்கிள் ஓட்டினான். என்னைப் பார்த்ததும் ‘அம்மாகிட்ட சொல்லாதீங்க தாத்தா’ என்று கையெடுத்துக் கும்பிட்டான், அப்போதும் இரண்டு கையும் ஹாண்டில்பாரில் இல்லை.

நடக்கப் போகிற வழியில் ஒரு கதவுக்குப் புதிதாகப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். ஒரு தடவை தொட்டுப் பார்த்தேன், காய்ந்துவிட்டிருந்தது.

எழுதும்போது கல் கொஞ்சம் இளகும். ஆனால் உண்மையைச் சொல்கிறேன், தாள் கேட்டுக்கொள்ளும், திருப்பி ஒன்றும் சொல்லாது. ‘அப்படியா, அப்புறம்?’ என்று கேட்காது. அதனால்தான் உன் பேரன் சுவரைப் பிடித்து நடந்த வரி எனக்கு அவ்வளவு முக்கியம். அது யாரோ என்னிடம் சொன்ன ‘பாத்தியா’. என்னிடம் அப்படிச் சொல்ல இன்னும் ஓர் ஆள் இருக்கிறான். அதற்குமேல் கோடு போட்டு அடிக்காதே.

இப்போது என் பங்குக்கு ஒன்று. இதை நாள்காட்டித் தாளில் எழுதாமல் உனக்கென்று வைத்திருக்கிறேன்.

வலது கண்ணில் புரை ஆபரேஷன் ஆகி ஐந்து வாரம் ஆகிறது. பயந்த மாதிரி ஒன்றுமில்லை, பையன் வந்து மூன்று நாள் இருந்துவிட்டுப் போனான். பிறகு சொட்டு மருந்து விடுவதுதான் பெரும்பாடு. நாலு வருஷத்துக்கு முன்னால் அவளுக்கு இரண்டு கண்ணிலும் ஆபரேஷன் ஆனபோது நான்தான் விட்டேன். அவள் தலையை என் மடியில் சாய்த்து, இமையைக் கீழே இழுத்து, ‘இமைக்காதே, இமைக்காதே’ என்று சொல்லிக்கொண்டே. எனக்கு நானே விட்டால் பாதி கன்னத்தில் ஓடியது. அப்புறம் ஒரு நர்ஸ் சொல்லிக்கொடுத்தாள். மல்லாந்து படுத்து, கண்ணை மூடிக்கொண்டு, மூக்கை ஒட்டிய ஓரத்தில் ஒரு சொட்டு விட்டுவிட்டு, மெதுவாகக் கண்ணைத் திறந்தால் மருந்து தானாக உள்ளே வழிந்துவிடும். அப்படித்தான் விட்டுக்கொள்கிறேன். இப்போது ஒரு சொட்டுகூட வீணாவதில்லை.

சொல்ல வந்தது அது இல்லை. கூடத்து ஜன்னலில் ஒரு திரைச்சீலை இருக்கிறதே, அவள் ஆபரேஷனுக்குப் பிறகு அவளாகவே போய் வாங்கி வந்தது. அவள் அதை நீலம் என்பாள். நான் பச்சை என்பேன். அவள் போகும்வரை ஓயாத வழக்கு. ‘அந்தப் பச்சைத் திரையை இழுத்துவிடு’ என்றால் எழுந்திருக்கமாட்டாள். ‘இந்த வீட்டில் பச்சைத் திரை எது?’ என்று கேட்டுவிட்டுப் பேப்பரைப் படித்துக்கொண்டிருப்பாள். நீலம் என்று சொன்னால்தான் எழுந்திருப்பாள். நான் ஒரு நாளும் சொன்னதில்லை, நானே எழுந்து போய் இழுத்துவிடுவேன்.

ஆபரேஷன் ஆன மறுநாள் கட்டைப் பிரித்து வீட்டுக்கு வந்தேன். கூடத்தில் கால் வைத்ததும் ஜன்னல் முழுக்க நீலம். அப்படி ஒரு நீலம். வயசாக ஆகக் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் மஞ்சள் பூத்து, நீல வெளிச்சத்தை உள்ளே விடாமல் தடுக்குமாம். அதை எடுத்துப் புதுசு வைத்ததும் நிறம் சரியாகத் தெரிகிறது. நான் பார்த்த பச்சை என் கண்ணில் இருந்த மஞ்சள். பையன் பையை வைக்க உள்ளே போயிருந்தான். நான் அந்தத் திரையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ‘நீ சொன்னதுதான் சரி’ என்று அவளிடம் ஒரே ஒரு தடவை சொல்ல வேண்டும். அதற்காக எதை வேண்டுமானாலும் கொடுப்பேன் என்றிருந்தது.

இடது கண் இன்னும் பழைய கண்தான். அதற்கு அடுத்த மாதம் தேதி கொடுத்திருக்கிறார்கள். காலையில் நடந்துவிட்டு வந்ததும் ஜன்னல் முன்னால் நின்று வலது கண்ணை மூடிப் பார்க்கிறேன். பச்சை. இடது கண்ணை மூடிப் பார்க்கிறேன். நீலம். என் கட்சி, அவள் கட்சி. இரண்டையும் ஒரே ஜன்னலில் பார்க்க இன்னும் மூன்று வாரம்தான் இருக்கிறது. ஆபரேஷனைத் தள்ளிப்போடலாமா என்றுகூட யோசித்தேன். வேண்டாம், படிக்கக் கஷ்டமாக இருக்கிறது.

அதற்குள் நீ ஒரு நடை வந்துவிட்டுப் போ. நீ இன்னும் கண் ஆபரேஷன் செய்துகொள்ளாதவன், அண்ணி செய்துகொண்டுவிட்டார். இருவரையும் அந்த ஜன்னல் முன்னால் நிறுத்தி, இது என்ன நிறம் என்று கேட்க வேண்டும். நீ ஒன்று சொல்வாய், அண்ணி ஒன்று சொல்வார். நீங்கள் பாட்டுக்குச் சண்டை போட்டுக்கொண்டிருங்கள். நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

பேரனையும் தூக்கிக்கொண்டு வா. பிடித்து நடக்க இங்கேயும் சுவர் இருக்கிறது.

என்றும் உன்,
நண்பன்